வரிசையில் நின்ற மீன்கள்

காலையில் பச்சை விளக்கு எரிந்தது, மணி அடித்தது, மீன்கள் வரிசையாக லிஃப்டில் ஏறின.

தொட்டி நிறைந்ததும் கதவு மூடிக்கொண்டது. அடுத்து நின்ற மீன் முண்டியடிக்கவில்லை. கால்வாயின் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று என்று கடல் பக்கமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒற்றை வரிசை. "பொறுமையாகக் காத்திருந்தமைக்கு நன்றி" என்றது ஒலிபெருக்கி. மீனுக்குத் தமிழ் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் காக்க வைத்துவிட்டு ஒரு நன்றிகூடச் சொல்லாவிட்டால் எப்படி என்று ஆரம்பத்தில் யாரோ போட்ட வழக்கம், அப்படியே நின்றுவிட்டது.

மருதி என்கிற அந்தக் கோளில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அதிசயமாகப் பார்ப்பவள் ஒருத்திதான் இருந்தாள். மீன்தூக்கி நிலையத்தின் அதிகாரி தில்லைநாயகி. அதிசயம் என்றுகூடச் சொல்ல முடியாது. வயிற்றெரிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

சால்மன் பூமியின் குளிர்நாட்டு மீன். அதன் முட்டைகளை உறையவைத்து இவ்வளவு தொலைவு கொண்டுவந்ததற்குக் காரணம் நாக்கு அல்ல, மண். மருதியின் மேல் பள்ளத்தாக்கில் நல்ல வெயில் உண்டு, தண்ணீர் உண்டு. மண்ணில் தழைச்சத்து மட்டும் துளியும் கிடையாது. அது கடலில் கொட்டிக் கிடந்தது. கடலின் சத்தை மலைக்குச் சுமந்து போக ஒரு கூலியாள் வேண்டும் என்று தேடினார்கள், சால்மன் கிடைத்தது. அது தண்ணாறு என்கிற மலையாற்றின் கூழாங்கல்லுக்கு நடுவே பொரிந்து, கடலுக்குப் போய்த் தின்று கொழுக்கும். சில வருஷம் கழித்து, பிறந்த தண்ணீரின் வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்கு ஏறி வரும். ஆற்றுக்குள் வந்துவிட்டால் ஒரு வாய் தீனி தின்னாது. முட்டையிட்டுவிட்டு அங்கேயே செத்துப்போகும். அந்த உடம்புதான் உரம். ஊர் சாப்பிடுகிற சோறும் வாழைக்காயும் அந்த உரத்தில் விளைந்தவை.

இவ்வளவு அழகாக யோசித்த புண்ணியவான்கள், மீனை ஆற்றில் விட்ட கையோடு அதே ஆற்றின் குறுக்கே ஒரு அணையையும் கட்டினார்கள். மின்சாரம் வேண்டாமா? தண்ணாற்றில் ஏறி வந்த மீன் அணைச்சுவரில் முட்டியது. முட்டி முட்டியே செத்தது. அப்புறம் மூளையைக் கசக்கி மீன்தூக்கியைச் செய்தார்கள். பக்கவாட்டில் ஒரு குறுகலான வரிசைக்கால்வாய், அதன் முனையில் தண்ணீர்த் தொட்டி வைத்த லிஃப்ட், மேலே பச்சை விளக்கு, பக்கத்தில் மணி. பழகிக்கொண்ட மீன் ஏறியது. ஏறிய மீன் முட்டையிட்டது. மீன் கணக்கில் நாற்பது தலைமுறையாக இதுதான் நடக்கிறது.

வரிசை என்பது அந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறிய விஷயம். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் வந்த கப்பலில் காற்றும் தண்ணீரும் அளந்துதான் கிடைத்தன. ஒருவர் முண்டினால் இன்னொருவருக்கு மூச்சு இல்லை. கப்பலுக்கு ஆள் எடுத்தபோதே பொறுமையாக நின்றவர்களைத்தான் எடுத்தார்களாம். கேள்வி கேட்டவர்கள் பூமியிலேயே நின்றுவிட்டார்கள். அதனால் மருதியில் உணவுக்கூடத்துக்கு ஒரு மஞ்சள் கோடும் பச்சை விளக்கும் உண்டு, மருத்துவருக்கு ஒன்று, கழிப்பறைக்குக்கூட ஒன்று. கப்பலிலிருந்து கழற்றிய அதே விளக்குகள்தாம். விளக்கு எரியாமல் யாரும் அடி எடுத்து வைக்க மாட்டார்கள்.

அன்று வரிசையில் நின்ற மீன்களில் ஒன்று திடீரென்று துள்ளியது. கால்வாய்ச் சுவரைத் தாண்டி ஆற்றில் விழப் பார்த்தது. கரையில் நின்ற இயந்திரன் நீளமான கையை நீட்டி அதை அந்தரத்திலேயே வலையில் பிடித்தது. வரிசையான் என்று அதற்குப் பெயர். வரிசையைக் கவனிப்பது மட்டுமே அதன் வேலை.

"ஒழுங்கீன மீன் ஒன்று" என்று அறிவித்துவிட்டுக் கூடையில் போட்டது.

கூடை போகிற இடம் உணவுக்கூடம். குதிக்கிற மீன் சுவரில் மோதித் தானும் அடிபட்டு மற்றதையும் அடிபட வைக்கும், எடுத்துவிடுவதுதான் நல்லது என்று ஆதியிலேயே ஒரு விதி போட்டிருந்தார்கள். அந்த விதியைத் தில்லைநாயகியும் ஒரு நாளும் மாற்ற நினைத்ததில்லை. அவளுக்கும் அந்தக் குழம்பு பிடிக்கும்.

சமையற்காரர் சவரிமுத்து கூடையை எடுத்துப் போக வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "என்னக்கா இது, இந்த சீசனுக்கே ஒத்த மீன். எங்க பாட்டன் காலத்துல ஊருக்கே ஆகுமாம், எங்கப்பா காலத்துல சீசன்னா கூடை கூடையா வருமாம். வரிசையில நிக்கிற மீன்ல ருசியே கெடையாது, பாத்துக்கிடுங்க. துள்ளுற மீனுதான் குழம்புக்கு."

"இன்னும் ஒரு வருஷம் பொறுங்க, சவரி. அணையே இருக்காது. எல்லா மீனும் துள்ளிக்கிட்டுத்தான் போகும்" என்றாள் தில்லைநாயகி.

பன்னிரண்டு வருஷமாக அவள் ஒற்றைக் காலில் நின்று சாதித்த காரியம் அது. ஊருக்குள் புதிதாக அணு உலை வந்துவிட்டது. அணை கொடுத்த மின்சாரம் யாருக்கும் தேவைப்படவில்லை. பின்னே எதற்கு இந்தச் சுவர் என்று அவள் கூட்டத்துக்குக் கூட்டம் மஞ்சள் கோட்டில் நின்று, விளக்கு எரிந்ததும் பேசினாள். விளக்கு எரியாத கூட்டங்களில் பேசாமல் திரும்பினாள். கடைசியில் அவைத்தலைவர் குணசீலன் இறங்கி வந்தார். கெட்ட மனிதர் அல்ல. அதிர்ந்து பேசத் தெரியாதவர், எல்லாருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறவர். அப்படிப்பட்டவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

"உங்க வார்த்தையை நம்பித்தாம்மா உடைக்கிறோம்" என்றார் அவர். "மீன் ஏறலைன்னா மேல்பள்ளத்தாக்குல விளைச்சல் இருக்காது. பூமியிலேருந்து வேற முட்டையும் வரப்போறதில்ல. இதுதான் கடைசி வம்சம்."

"ஆத்தைத் தொறந்துவிட்டா அதுபாட்டுக்குப் போயிரும் சார். ஆத்துல ஏறுறதுக்கு மீனுக்கு நாம சொல்லிக் கொடுக்கணுமா என்ன?"

அணையின் நடுப்பகுதியை வெட்டி எடுத்தார்கள். மீன்தூக்கியைப் பிரித்தார்கள், அதன் விளக்கும் கம்பியும் உருக்கும் உலைக்குப் போய்ப் பாத்திரமாகவும் கரண்டியாகவும் திரும்பி வந்தன. மணி மட்டும் சவரிமுத்துவின் சமையலறை வாசலில் தொங்கியது. தண்ணாறு பிறந்த நாளிலிருந்து இல்லாத உற்சாகத்தோடு உடைப்பின் வழியே இரைந்துகொண்டு ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு தில்லைநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த பருவத்தில் மீன்கள் வந்தன. ஊரே வேடிக்கை பார்க்க வந்து கயிற்றுக்குப் பின்னால் வரிசையாக நின்றது. வெள்ளி வெள்ளியாக முதுகு மின்ன, மீன்கள் உடைப்புக்கு நேராக வந்தன. உடைப்புக்கு முன்னால் வந்த மீன்கள் இடது பக்கம் திரும்பின. பழைய வரிசைக்கால்வாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. லிஃப்ட் இருந்த இடத்தில் இப்போது வெறும் சுவர். அந்தச் சுவருக்கு முன்னால், மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், முதல் மீன் நின்றது. மற்றவை பின்னால் நின்றன.

கூட்டத்தில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"இன்னிக்குத்தான வந்திருக்கு. களைப்பா இருக்கும்" என்றாள் தில்லைநாயகி.

மறுநாளும் நின்றன. அதற்கு மறுநாளும் நின்றன. அவள் கால்வாயின் வாயைப் பலகை வைத்து அடைத்தாள். மீன்கள் பலகைக்கு வெளியே வரிசை கட்டின. சரி என்று பலகையை எடுத்துவிட்டு, வலை போட்டுக் கொஞ்சம் மீனை அள்ளி, உடைப்பின் வாசலிலேயே கொண்டுபோய் விட்டாள். எதிரே திறந்த ஆறு. பிறந்த தண்ணீரின் வாசனை முகத்தில் அடிக்கிறது. மீன்கள் ஒரு நிமிஷம் அங்கேயே சுற்றின. அப்புறம் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டன. நடுவில் நுழையவில்லை. ஒழுங்காகக் கடைசியில் போய் நின்றன. அதைப் பார்த்து வரிசையான், "ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது. தில்லைநாயகிக்கு அதை ஆற்றில் தள்ளிவிடலாமா என்று வந்தது.

மீன்களின் தோல் வெளுக்கத் தொடங்கியது. தீனி தின்னாத உடம்பு எத்தனை நாள் தாங்கும்? வயிற்றில் முட்டை, எதிரில் சுவர். வரிசையின் முன்னால் நின்ற சில மீன்கள் நின்ற இடத்திலேயே செத்து மிதந்தன. பின்னால் நின்றவை ஓரடி முன்னே நகர்ந்தன. அதைப் பார்த்தபோதுதான் அவள் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பன்னிரண்டு வருஷம் வாதாடி ஒரு வம்சத்தையே கொன்றுவிட்டோமே என்று இருந்தது. இது வெறும் மீன் சமாச்சாரம் அல்ல. அடுத்த வருஷம் ஊரில் யார் தட்டில் சோறு விழும் என்கிற சமாச்சாரம்.

குணசீலன் வந்து பக்கத்தில் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க. அது எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது இன்னும் குத்தியது.

அன்றைக்கு அவள் சாப்பிட வெகுநேரம் கழித்துப் போனாள். உணவுக்கூடத்தில் கூட்டம் இல்லை. சவரிமுத்து தட்டில் சோறும் வாழைக்காயும் வைத்தார்.

"மீன் இல்லையா?"

"எங்கேக்கா? இந்த வருஷம் ஒண்ணுகூடத் துள்ளலையே. கால்வாய் நெறைய மீனு நிக்குது, ஒரு மீனுக்காவது துள்ளணும்னு தோணுதா பாருங்க. நம்ம வாய்க்குக் கொடுத்து வைக்கல, அவ்வளவுதான்."

தில்லைநாயகி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பாட்டன் காலத்தில் ஊருக்கே ஆகிற அளவு. அப்பன் காலத்தில் கூடை கூடையாக. போன வருஷம் ஒன்றே ஒன்று. இந்த வருஷம் அதுவும் இல்லை.

"சவரி," என்றாள் மெல்ல. "சுவரைத் தாண்டணும்னு நெனைச்ச மீனை எல்லாம் நாம தின்னுட்டோம்."

"ஆமா. அதுக்குத்தானே குழம்பு?"

"தின்னது முட்டை போடல. வரிசையில நின்னதுதான் மேல போய் முட்டை போட்டுது. அதோட குஞ்சு, குஞ்சோட குஞ்சு, எல்லாம் நிக்கத் தெரிஞ்சதா வந்திருச்சு. நாற்பது தலைமுறையா நாமளே பொறுக்கிப் பொறுக்கி, நிக்கிற மீனா வளத்து வெச்சிருக்கோம். இப்ப ஆத்தைத் தொறந்துவிட்டு ஏன் போகலைன்னு கேக்குறோம்."

சவரிமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். அவர் போட்ட குழம்புகளை எல்லாம் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ. "அப்ப என்ன செய்யதுக்கு?" என்றார்.

அவள் வாசலில் தொங்கிய மணியைப் பார்த்தாள்.

மணி கிடைத்துவிட்டது. விளக்குதான் இல்லை. ஏதோ ஒரு பச்சை விளக்கு போதாது. கப்பல் விளக்கின் அந்தக் குறிப்பிட்ட பச்சை வேண்டும், மீன்தூக்கியில் இருந்ததும் அதுதான், மீனுக்கு அதுதான் பழக்கம். ஊரில் அப்படிப்பட்ட விளக்குகள் மிச்சம் இருந்தவை எல்லாம் வேலையில் இருந்தன. உணவுக்கூடத்து விளக்கைக் கழற்றினால் ஊர் பட்டினி. கழிப்பறை விளக்கைக் கழற்றினால் அதைவிட மோசம். யோசித்துப் பார்த்ததில், ஊரிலேயே அதிகம் வேலையில்லாத பச்சை விளக்கு ஒன்றுதான்: அவைக்கூடத்தில், உறுப்பினர்கள் பேசுகிற ஒலிவாங்கிக்கு மேலே இருந்தது. அவளே ஏணி வைத்து ஏறி அதைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

சிறு படகின் பின்பக்கத்தில் விளக்கைக் கட்டினார்கள். சவரிமுத்து மணியைக் கையில் பிடித்துக்கொண்டார். கால்வாயின் வாயருகே படகை நிறுத்தி, அவள் விளக்கைப் போட்டாள். அவர் மணியை அடித்தார்.

வரிசையின் கடைசி மீன் திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. எது முதல், எது கடைசி என்று குழம்பி ஒரு கணம் தண்ணீர் கலங்கியது. அப்புறம் வரிசை தலைகீழாக மாறி, பச்சை வெளிச்சத்தின் பின்னால் சீராக வரத் தொடங்கியது. படகு உடைப்புக்குள் நுழைந்தது. நுரைத்துக்கொண்டு வந்த தண்ணீருக்கு எதிராக, வெளுத்துப் போன அந்த மீன்கள் உடம்பை வளைத்து வளைத்து ஏறின. அவற்றுக்குத் தெம்பு இருந்தது. இத்தனை நாளும் இருந்தது.

"வருதுக்கா, எல்லாம் வருது" என்று சவரிமுத்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

உடைப்பைத் தாண்டும் இடத்தில் அது நடந்தது. வரிசையின் நடுவிலிருந்து ஒரு சின்ன மீன், மற்றவற்றைவிட மெலிந்தது, சட்டென்று விலகியது. விளக்கைப் பார்க்கவில்லை. மணியைக் கேட்கவில்லை. பாறைமேல் தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரே துள்ளாகத் துள்ளி, படகுக்கு முன்னால் போய் விழுந்தது. இன்னொரு துள்ளல். அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. சவரிமுத்துவின் கை பழக்க தோஷத்தில் வலைப் பக்கம் போயிருந்தது.

"விடுங்க, சவரி" என்றாள் தில்லைநாயகி. "அது போய் முட்டை போடட்டும்."

அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. ஒன்று போதும். சுவர் இல்லாத ஆற்றில் அந்த ஒன்றின் குஞ்சுகள் துள்ளும். அவற்றின் குஞ்சுகளும் துள்ளும். அதுவரை படகும் மணியும் பார்த்துக்கொள்ளும். வரிசையானைப் படகில் ஏற்றி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பருவம் முடிகிற வரை அது பச்சை விளக்கை ஏந்திக்கொண்டு மேலும் கீழும் போய்வந்து மீன்களைக் கூட்டிப் போனது.

சில நாளில் அவைக்கூட்டம் கூடியது. குணசீலன் எழுந்து முதலில் தில்லைநாயகிக்குப் பாராட்டுத் தெரிவித்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த நிகழ்ச்சி நமக்கு ஒரு உண்மையைக் காட்டியிருக்கிறது" என்று வாசித்தார். "விளக்கும் மணியும் இல்லாமல் நம் மீன்கள் வாழ முடியாது. படகில் கட்டிய விளக்கு நிரந்தரம் அல்ல. அதை உறுதியான ஓரிடத்தில் பொருத்த வேண்டும். ஆற்று நடுவில் பொருத்த வேண்டுமானால் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு ஒரு சுவர் தேவை. சுவர் இருந்தால் மீன் ஏற லிஃப்ட் தேவை. ஆகவே, மீன்களின் நலன் கருதி, அணையின் உடைப்பை அடைத்து, மீன்தூக்கியை மீண்டும் நிறுவ இந்த அவை தீர்மானிக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் வழக்கம்போல வரிசையில் வரலாம்."

தில்லைநாயகி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. மஞ்சள் கோட்டில் போய் முதல் ஆளாக நின்றாள். திரும்பிப் பார்த்தால் மனசு குளிர்ந்துபோயிற்று. அவை பாதிக்கு மேல் எழுந்து அவள் பின்னால் நின்றது. விவசாயிகள், உலைக்காரர்கள், மருத்துவர் என்று வரிசை வாசல் வரை நீண்டது. இவ்வளவு பேர் தன் பக்கம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அந்தச் சின்ன மீனைச் சொல்ல வேண்டும். அது துள்ளியதைச் சொல்ல வேண்டும். உடைப்பை அடைத்தால் அதன் குஞ்சுகள் மறுபடி கூடைக்குத்தான் போகும் என்று சொல்ல வேண்டும். எல்லாம் ஒரு நிமிஷப் பேச்சு.

விளக்கு எரிவதற்காக நிமிர்ந்து பார்த்தாள்.

ஒலிவாங்கிக்கு மேலே விளக்கு இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த விளக்கு இப்போது எங்கே இருக்கிறது என்று அந்த மண்டபத்திலேயே அவளுக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். அது தண்ணாற்றில் போய்க்கொண்டிருந்தது. விளக்கு இல்லை, நான் பேசுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கால் கட்டைவிரல் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும். தாத்தா வைக்காத எட்டு, அம்மா வைக்காத எட்டு, எப்படி வைப்பது என்று காலுக்குத் தெரியவில்லை.

குணசீலன் காத்திருந்தார். நல்ல மனிதர், கூடுதலாகவே நேரம் கொடுத்தார். அவர் கண் முன்னால் அத்தனை பேர் நின்றார்கள், ஒருவரும் பேசவில்லை.

பின்னால் நின்ற மருத்துவர் தில்லைநாயகியின் தோளை ஆறுதலாகத் தட்டினார். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா. விளக்கு இப்ப வந்துரும்" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கப்படாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்றார் குணசீலன். அப்புறம் வரிசையைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "பொறுமையாகக் காத்திருந்தமைக்கு நன்றி."